அறுபத்தொன்றாம் பக்கம்

கூட்டக் கட்டுகளுக்கு நான் ஸ்டேபிள் அடிப்பதில்லை. அடித்தால் மூலை கிழியும். நடுவில் ஒரு தாளைச் சேர்க்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டியிருக்கும். ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டு, வளையம் வைத்த நீல அட்டையில் கோத்துவிட்டால் தொல்லையே இல்லை. ஹேசல் ஃபோர்க் பள்ளி மாவட்டத்தின் வாரியக் கூட்டங்களுக்கு முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான் கட்டு தயாரித்து வருகிறேன்.

மிஸ்டர் ப்ரெஸ்காட், நீங்கள் மாநிலக் கல்வித் துறையின் வக்கீல். ஒலிப்பதிவுக் கருவியை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசச் சொன்னீர்கள். எனக்குப் பேச்சு வராது. மற்றவர்கள் பேசுவதை எழுதியே பழகியவள் நான். அதனால் நானே தட்டச்சு செய்து தருகிறேன். பிழை இருக்காது, நீங்கள் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்த வேண்டியிருக்காது.

என் பெயர் ஆர்லிஸ் பெல்கர். வயது அறுபத்தொன்று. வாரியச் செயலாளர். வாரியத்தில் ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு வாக்கு. எனக்கு வாக்கு கிடையாது. நிகழ்ச்சி நிரல் தயாரிப்பேன், கட்டைக் கோப்பேன், கூட்டக் குறிப்பு எழுதுவேன், காப்பி போடுவேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று நிமிடத்தோடு குறிப்பேன். ஜெயித்து வருகிறவர்கள் நாலு வருஷம், மிஞ்சினால் எட்டு வருஷம் இருந்துவிட்டுப் போகிறார்கள். கொதிகலனை எந்த வருஷம் மாற்றினோம், எந்த ஆசிரியரை ஏன் அனுப்பினோம் என்று கேட்டால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று ராய்ஸ் கட்லர் என்னைக் கிண்டல் செய்வான். கிண்டல்தான். ஆனால் தப்பாகச் சொல்லவில்லை.

ராய்ஸ் டிராக்டர் கடை வைத்திருக்கிறான். வாரிய உறுப்பினர். நம் உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பதினான்கு மைல் தள்ளியிருக்கும் மார்ட்டனுக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது அவன் கட்சி. அவனோடு இன்னொருவர். தலைவர் கெர்மிட் ஸ்லோனும் மற்றொருவரும் கூடாது என்ற பக்கம். ஐந்தாவது ஆள் எல்மர் ஹின்ரிக்ஸ். அவனும் கூடாது என்ற பக்கம்தான். ஆக மூன்றுக்கு இரண்டு.

நிலைமை இதுதான். ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்களிடம் எண்பத்து நாலு பிள்ளைகள். முந்தைய வாரியம் பயந்துபோய் மார்ட்டனோடு இணைய ஒரு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. இந்த வருஷம், அதாவது 1991, மார்ச் முதல் தேதிக்குள் எங்கள் வாரியம் கூடி, பெரும்பான்மை வாக்கில் ‘வேண்டாம்’ என்று தீர்மானம் போடாவிட்டால் இணைப்பு தானாகவே நடந்துவிடும். இரண்டுக்கு இரண்டு என்று நின்றாலும் தீர்மானம் தோற்றதாகத்தான் அர்த்தம். எங்களுக்கு மூன்று வேண்டும். மூன்று என்றால் எல்மர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்டீர்கள். நீங்கள் தலைநகரத்துக்காரர், கேட்கலாம். எங்களுக்கு வடக்கே கிர்பி என்று ஓர் ஊர் இருக்கிறது, போகிற வழியில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே பள்ளியை மூடினார்கள். அடுத்த வருஷம் காப்பிக் கடை போயிற்று, அதற்கடுத்து மளிகை. இப்போது பாதிரியார் மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் வருகிறார். அவர்களுடைய உடற்பயிற்சிக் கூடத்தில் கூடைப்பந்து வளையம் இன்னும் தொங்குகிறது, அதற்குக் கீழே பன்றித் தீவன மூட்டை அடுக்கியிருக்கிறது. நான் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோபத்தில்தான்.

என் வேலையும் போயிருக்குமே என்று நீங்கள் ஒரு வார்த்தை விட்டீர்கள். உண்மை. இணைந்த மாவட்டத்துக்கு இரண்டு செயலாளர்கள் எதற்கு? ஆனால் அது வேறு விஷயம், அதை இதில் கொண்டுவந்து முடிச்சுப் போடாதீர்கள்.

எல்மரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இதே கட்டிடத்தில், இப்போது தட்டச்சு அறையாக இருக்கும் அறையில். மொத்தமே பதினேழு பேர். அவன் பன்றி வளர்க்கிறான், கொஞ்சம் சோளம் போடுகிறான். நல்லவன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் எதையும் ஆற அமரத்தான் செய்வான். மற்ற நாலு பேருக்கும் கட்டை வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அவர்கள் பிரிப்பதுகூட இல்லை. எல்மர் வீட்டுக்கு வாங்கவே மாட்டான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“வீட்டுல படிச்சா அங்கயே முடிவு பண்ணிருவேன், ஆர்லிஸ். அப்புறம் இங்க வந்து நாலு பேரு பேசறது காதுல ஏறாது. அந்தந்த விஷயம் வரப்ப அந்தந்தப் பக்கத்தப் படிச்சாத்தான் நியாயம்.”

அப்படித்தான் செய்வான். கட்டு அவன் இருக்கையில் காத்திருக்கும். தலைவர் விஷயத்தை அறிவித்ததும் விரலை எச்சில்படுத்திக்கொண்டு ஒரு பக்கம் புரட்டுவான். அதை முழுக்கப் படிப்பான். அடுத்த விஷயத்தை அறிவிக்கும் வரை அடுத்த பக்கத்தைத் தொடமாட்டான். ஆனால் ஒரு பக்கத்தையும் விடமாட்டான். “எல்மர் கையில பைபிளக் குடுத்தா, ஏசு பொறக்கவே நாப்பது வருஷம் ஆகும்” என்பான் ராய்ஸ். எல்மரே அதற்குச் சிரிப்பான்.

அவன் மனைவி லவோனா. பிள்ளைகள் இல்லை. போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு உடம்புக்கு வந்தது. ஜனவரியில் நூற்று முப்பது மைல் தள்ளியிருக்கும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்மர் என் அறைக்கு வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்கிறதாம், அண்டை வீட்டுக்காரர் பன்றிகளைப் பார்த்துக்கொள்வாராம், கூட்டத்துக்கு மட்டும் வந்து போகலாமா என்று கேட்டான்.

வாரிய உறுப்பினர் மாவட்டத்துக்குள் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ராய்ஸ் அதற்கு முன்பே காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, “எல்மர் எந்த ஊர்க் கட்டில்ல படுக்கறான்னு நாங்க எண்ணிட்டுத்தான் இருக்கோம்” என்று சொல்லியிருந்தான். பாதி கிண்டல், பாதி மிரட்டல். எல்மரிடம் நான் அதைச் சொன்னேன். அவன் அங்கே தங்கினால் ராய்ஸ் குடியிருப்புப் பிரச்சினையைக் கிளப்புவான், நாற்காலி காலி என்று அறிவிக்கச் சொல்வான், வாக்கெடுப்புக்குள் வேறு ஆள் போட முடியாது என்றேன். எல்லாம் நடக்கக்கூடியவைதான்.

“அப்ப ராத்திரி இங்கதான் படுக்கணுமா?”

“இங்கதான் படுக்கணும், எல்மர்.”

“வக்கீல ஒரு வார்த்தை கேட்டுரலாமா?”

கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாவட்டத்து வக்கீலுக்கு அன்றைக்கே கடிதம் எழுதினேன். ஒன்பது நாளில் பதில் வந்தது. திரும்பி வரும் எண்ணத்தோடு ஒருவர் சிகிச்சைக்காகவோ மனைவிக்குத் துணையாகவோ வெளியூரில் தங்கினால் அவர் குடியிருப்பு மாறாது, அவர் மாதக்கணக்கில் தங்கினாலும் நாற்காலிக்கு ஆபத்தில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. கடிதப் போக்குவரத்துக் கோப்பில், அகர வரிசைப்படி, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். நீங்கள் போன வாரம் இரண்டே நிமிடத்தில் அதை எடுத்தீர்கள். எல்மர் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஏன் நானாகக் கொடுக்கவில்லை என்றால், அவனை எனக்குத் தெரியும். அங்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வரமாட்டான். ஆற அமர உட்கார்ந்துவிடுவான். எண்பத்து நாலு பிள்ளைகள் அவன் மனத்திலிருந்து கழன்றுவிடுவார்கள். அதனால் ஆறு வாரம் அவன் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் போய், இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, படுக்கைக்கு வீடு திரும்பினான். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிற்று. அவனுக்கு நான் பாத்திரம் பாத்திரமாகச் சமைத்து அனுப்பினேன். ஊரில் வேறு யாரும் அத்தனை முறை அனுப்பவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பள்ளி அலுவலக எண்ணையும் கொடுக்கச் சொன்னது நான்தான். அவன் வீட்டு டெலிபோன் அடுக்களையில் இருக்கிறது, பகலெல்லாம் அவன் பன்றிக் கொட்டகையில் இருப்பான், அடித்தால் கேட்காது. எந்நேரம் கூப்பிட்டாலும் ஆள் அனுப்புகிறேன் என்றேன். துப்புரவாளரிடம் பிக்கப் வண்டி இருக்கிறது. எல்மரின் பண்ணை இரண்டு மைல், பத்து நிமிடம். அப்போது நான் மனதாரத்தான் சொன்னேன்.

வாக்கெடுப்பு பிப்ரவரி இருபத்தைந்து, திங்கட்கிழமை, மாலை ஏழு மணிக்கு. அன்று காலையிலிருந்து பொடிப்பனி விழுந்துகொண்டிருந்தது. பகல் இரண்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு நர்ஸ் பேசினாள். லவோனாவுக்கு மூச்சு மோசமாகிவிட்டது, கணவரை உடனே வரச் சொல்லுங்கள் என்றாள். நாலு மணியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்கிறாராம்.

அந்த அழைப்பு ஆஸ்பத்திரிக் கணக்கில் பதினோரு நிமிடம் என்று பதிவாகியிருப்பதை நீங்கள் காட்டினீர்கள். செய்தியைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமே, மிச்சம் பத்து நிமிடம் என்ன பேசினீர்கள் என்றீர்கள். அதற்கும் வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு.

நான் கணக்குப் போட்டேன். உடனே ஆள் அனுப்பினால் எல்மர் மூன்று மணிக்குக் கிளம்புவான். பனியில் மூன்று மணி நேரப் பாதை. ஆறு மணி. டாக்டர் சொன்னதோ நாலு. போனாலும் பார்க்கப் போவதில்லை. அவள் போய்விடுவாள், வாக்கும் போய்விடும், பள்ளியும் போய்விடும். ஒரே நாளில் மூன்றையும் தொலைப்பதற்குப் பதில் ஒன்றையாவது காப்பாற்றலாம் அல்லவா? இதை எந்தக் கல்வித் துறையிலும் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பாருங்கள். வேறு விடை வந்தால் எனக்கு எழுதுங்கள்.

செய்தியை நான் மறைக்கவில்லை. இளஞ்சிவப்புச் சீட்டில் எழுதினேன்: யாருக்கு, யாரிடமிருந்து, என்ன செய்தி. நேரம் என்ற கட்டத்தில் இரண்டு நாற்பது என்றே எழுதினேன். ஆறே முக்கால் என்று எழுதியிருந்தால் இன்று நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள். நான் பொய்ப் பதிவு எழுதுகிறவள் இல்லை. சீட்டை ஒரு முழுத் தாளில் ஒட்டினேன், மூன்று ஓட்டை போட்டேன். தீர்மானம் அறுபதாம் பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்து பஸ் டயர் வாங்குவது. சீட்டு ஒட்டிய தாளை அறுபத்தொன்று ஆக்கி, எல்மருடைய கட்டுக்குள் கோத்தேன். மற்ற நாலு கட்டுகளில் அந்த இடத்தில் வெற்றுத்தாள் வைத்தேன், பக்க எண்கள் ஒத்துப்போக வேண்டுமே. பின்னால் இருந்த ஒன்பது தாள்களுக்கும் எண் மாற்றி அடித்து, படியெடுத்து, ஐந்து கட்டுகளிலும் மாற்றினேன். நாற்பது நிமிடம் பிடித்தது. மற்ற நாலு பேரின் கட்டுகளும் அவரவர் வீட்டில்தானே என்று கேட்பீர்கள். அவர்கள் கொண்டுவர மறந்துவிடுவார்கள் என்று தெரிந்து, கூட்டத்துக்கு எப்போதும் வேறு நாலு தயாராக வைத்திருப்பேன்.

இன்னொன்றும் செய்தேன், அதை யாரும் பேசுவதில்லை. தீர்மானம் நிரலில் ஒன்பதாவதாக இருந்தது. பாவம், எல்மர் சீக்கிரம் கிளம்பட்டும் என்று கெர்மிட்டிடம் சொல்லி அதையும் அதற்கடுத்த பஸ் டயரையும் நாலாவது, ஐந்தாவதாகக் கொண்டுவரச் செய்தேன், அந்தத் தாள்களையும் எண் மாற்றாமல் அப்படியே முன்னால் எடுத்து அடுக்கினேன். எனக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆறே முக்காலுக்கு எல்மர் வந்தான். பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

“மத்தியானம் நான் போன் பண்ணப்ப அவ தூங்கறதா சொன்னாங்க. அப்புறம் ஏதாச்சும் சேதி வந்துச்சா, ஆர்லிஸ்?”

“உனக்கு வந்ததெல்லாம் கட்டுல இருக்கு, எல்மர்.”

அவன் சிரித்தான். “அப்ப தப்பாது. ஒரு பக்கம் விடமாட்டேன்ல” என்றான்.

பேரீச்சம்பழக் கேக் செய்து கொண்டுபோயிருந்தேன். அவனுக்கு ஓரத்துத் துண்டு பிடிக்கும். இரண்டு வைத்தேன், இரண்டையும் சாப்பிட்டான்.

கூடத்தில் இருநூறு பேருக்கு மேல். மடக்கு நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். ராய்ஸ் பேசினான், நன்றாகவே பேசினான். எட்டு மாணவர்களுக்கு ஒரு இயற்பியல் வகுப்பு, அதையும் உடற்பயிற்சி ஆசிரியரே நடத்துகிறார், இது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றான். எல்மர் அறுபதாம் பக்கத்தின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டான். பிறகு கெர்மிட் பெயர் சொல்லி அழைத்தார். கட்லர், இல்லை. அவனோடு இருந்தவர், இல்லை. இந்தப் பக்கம் இரண்டு ஆம். கடைசியாக எல்மர்.

“ஆம்” என்றான். “லவோனாவும் இதத்தான் சொல்லிருப்பா. அவளும் இங்க படிச்சவதான்.”

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நிமிடம் இருந்ததில்லை. குறிப்பில் எழுதினேன்: 7.46, தீர்மானம் நிறைவேறியது, மூன்றுக்கு இரண்டு.

சத்தம் அடங்கியதும் கெர்மிட் அடுத்த விஷயம், பஸ் டயர் என்றார். எல்மர் விரலை எச்சில்படுத்தி ஒரு பக்கம் புரட்டினான். நான் அவனைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கழிப்பறைக்குப் போகிறான் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். கோட்டை எடுக்காமலே போயிருந்தான். 7.48, உறுப்பினர் ஹின்ரிக்ஸ் வெளியேறினார். அதையும் குறித்தேன்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. லவோனா ஏழு ஐம்பத்திரண்டுக்கு இறந்திருந்தாள்.

நீங்கள் இப்போது கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தால் ஆறு. ஆறிலிருந்து ஏழு ஐம்பத்திரண்டு வரை. அந்தக் கணக்கை எல்மரும் போட்டான், ஊரே போட்டது. ஆனால் நடந்து முடிந்த பிறகு போடும் கணக்கு எல்லோருக்கும் சரியாகத்தான் வரும். இரண்டு நாற்பதுக்கு என் கையில் இருந்தது டாக்டர் சொன்ன நாலு மணி. அதை வைத்துத்தான் நான் போட முடியும்.

மார்ச் பதினொன்றாம் தேதிக் கூட்டத்தில் எல்மர் ராஜினாமாக் கடிதத்தைக் கெர்மிட்டிடம் கொடுத்தான். அதற்குள் மார்ச் ஒன்று தாண்டிவிட்டது, தீர்மானத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு பார்வையாளர் வரிசையில் வந்து உட்கார்ந்து, பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நின்றான். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். என்னிடம் கோழி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம் இருக்கிறது, திருகிவிட்டால் மூன்று நிமிடத்தில் மணி அடிக்கும். உறுப்பினராக இருந்து பேசியிருந்தால் எவ்வளவு நேரமும் பேசியிருக்கலாம். அவனே விட்டுக்கொடுத்த உரிமை அது. நான் திருகினேன்.

அவன் மற்றவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

“சீட்டுல ரெண்டு நாப்பதுன்னு இருக்கு. உன் கையெழுத்து. ஏழு மணிக்கு முன்னாடி நான் உன்னக் கேட்டேன். நீ எனக்குக் கேக்கு வெச்சே.” கொஞ்சம் நிறுத்தினான். “வக்கீல்கிட்டயே போயி, அவரு எழுதுன கடுதாசியோட நகலையும் பாத்துட்டேன். ஆறு வாரம், ஆர்லிஸ். ஒவ்வொரு தரம் நான் எழுந்திரிக்கறப்பவும் அவ என் சட்டக் கையப் புடிச்சுக்குவா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சட்டம் அப்படின்னு சொன்னேன்.”

அப்புறம் பேசவில்லை. நின்றுகொண்டே இருந்தான். கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும்தான். ராய்ஸ்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே போயிற்று, பிறகு மணி அடித்தது.

“நேரம் முடிஞ்சுது, எல்மர்” என்றேன்.

இதற்காகத்தான் ஊர் என்மேல் அதிகம் கோபமாக இருக்கிறது. சீட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள் போலிருக்கிறது, மணியை மன்னிக்கமாட்டார்களாம். ஏன்? ஒருவனுக்கு நாலு நிமிடம் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். குறிப்பில் ‘திரு. எல்மர் ஹின்ரிக்ஸ் பேசினார்’ என்று எழுதினேன். சட்டம் கேட்பது அவ்வளவுதான்.

ஒரு தொலைபேசிச் செய்தியை இத்தனை நிமிடத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள். தீர்மானம் செல்லும், அது உங்களுக்கும் தெரியும். வருகிற ஆகஸ்டில் எண்பத்து நாலு பிள்ளைகள், இல்லை, இரண்டு குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது, எழுபத்தொன்பது பிள்ளைகள் இதே படியில் ஏறி வருவார்கள். நான் பதவி விலகப் போவதில்லை. வருந்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் விஷயம் சுலபமாகும் என்றீர்கள். எனக்கு அந்த வரி வரவில்லை.

மிச்சம் பத்து நிமிடத்துக்கு வருகிறேன்.

நர்ஸ் செய்தியைச் சொல்லிவிட்டு, நோயாளி பேச வேண்டும் என்கிறாள், காதருகே பிடிக்கிறேன் என்றாள். முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு லவோனா குரல். அவளையும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், என்னைவிட இரண்டு வகுப்பு கீழே.

“ஆர்லிஸா? எல்மர் கெளம்பியாச்சா?”

“கெளம்பியாச்சு, லவோனா” என்றேன். “வந்துட்டே இருக்கான்.”

“ரோட்டுல பனியாமே.”

“மெதுவாத்தான் ஓட்டுவான், உனக்குத் தெரியாதா? இருட்டறதுக்குள்ள ஆத்துப் பாலத்தத் தாண்டிருவான். ஆறு மணிக்கு உன் கதவுகிட்ட நிப்பான் பாரு.”

என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று கேட்டாள். பச்சைக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை என்றேன். அன்று மாலை அவன் அதே சட்டையில்தான் கூட்டத்துக்கு வந்தான், அந்த விஷயத்தில் நான் சொன்னது சரியாகவே இருந்தது. அவள் வழியில் உள்ள ஊர்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்நேரம் எங்கே இருப்பான், அடுத்து எங்கே என்று. தானியக் கிடங்கு, ரயில் கேட், கிர்பி, பாலம், எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். அவசரப்படுத்தவே இல்லை. மேசையில் அவ்வளவு வேலை கிடந்தது. இருந்தும் அவளாக “சரி, நான் முழிச்சிட்டிருக்கேன்” என்று சொல்லும் வரை நான் டெலிபோனை வைக்கவில்லை.

நர்ஸ் உங்களிடம் சொன்னதை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நாலு மணிக்குத் தலையைச் சீவிவிடச் சொன்னாளாம். தலையணையை உயர்த்தி, முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாளாம். ஆறு மணி தாண்டியும் கண்ணை மூடவில்லையாம். இவ்வளவு நேரம் தாங்கியதே அதிசயம் என்று டாக்டர் சொன்னாராம்.

அதிசயம் ஒன்றுமில்லை, மிஸ்டர் ப்ரெஸ்காட். நாலு மணிக்குப் போக வேண்டியவள் ஏழு ஐம்பத்திரண்டு வரை இருந்தாள் என்றால், அந்த நாலு மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்தது நான். இதை எல்மரிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அவன் என்மேல் இவ்வளவு கோபப்பட்டிருக்கமாட்டான்.